டிரெய்லருக்குப் பெரிய டைனமோ: பழைய வயரிங்கே தாங்குமா?

மணலி டிரெய்லர் (சனி, இரவு 10:40)

எல்லோருக்கும் வணக்கம். சொந்தமாக ஒரே ஒரு வண்டி வைத்து ஓட்டுகிறேன். 2012 மாடல், ஆறு சிலிண்டர், 40 அடி கண்டெய்னர் டிரெய்லர். மெக்கானிக்கல் டீசல் பம்ப், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. காட்டுப்பள்ளி, எண்ணூர் காமராஜர் துறைமுகம், ராயபுரம் பக்கம் சென்னைத் துறைமுகம், அங்கிருந்து மணலி, மாதவரம் யார்டுகள். இவ்வளவுதான் நம் ஓட்டம். ஓடுவது குறைவு, வரிசையில் நிற்பதுதான் அதிகம்.

வண்டியை ஓட்டுவது என் தாய்மாமா. வயது 58. போன வருஷம் மே மாதம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் மதியம் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றவர், மயங்கி ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். பின்னால் நின்ற வண்டி டிரைவர் ஓடி வந்து தண்ணீர் தெளித்து எழுப்பியிருக்கிறார். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளுக்கு கேபின் ஏசி கட்டாயம் என்று அரசே விதி போட்டுவிட்டது. நம் பழைய வண்டிக்கு யார் போடுவார்கள்? நானே கடன் வாங்கி, கூரையில் வைக்கும் 24 வோல்ட் எலக்ட்ரிக் ஏசி போட்டேன்.

இப்போது பிரச்சினை. ராத்திரி வரிசையில் இன்ஜின் ஐடிலில் இருக்க, ஏசியும் லைட்டும் ஓட, இரண்டரை மணி நேரத்தில் ஹெட்லைட் மஞ்சளாகிவிடுகிறது. ஏசி தானாகவே கட்டாகிவிடுகிறது. இன்ஜினை அணைத்தால் செல்ஃப் எடுப்பதில்லை. இரண்டு முறை பக்கத்து வண்டியில் இருந்து கேபிள் போட்டுத்தான் எடுத்தோம். பேட்டரி 12 வோல்ட் 130 ஏஎச் (ஆம்ப்-மணி) இரண்டு, 24 வோல்ட் வரும்படி தொடராக இணைத்தது, வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. டைனமோ வண்டியோடு வந்த 24 வோல்ட் 45 ஆம்ப், அதில் இருந்து பேட்டரிக்குப் போகும் கேபிள் 10 சதுர மி.மீ.

ஒரு கடையில் கேட்டேன். பஸ்ஸுக்குப் போடுகிற 120 ஆம்ப் டைனமோ இருக்கிறது, ஒரே நாளில் மாட்டிவிடலாம், பழைய வயரே போதும் என்கிறார்கள். போடலாமா?


கொருக்குப்பேட்டை எலக்ட்ரிக் (ஞாயிறு, காலை 6:15)

தம்பி, இன்னும் காசு கொடுத்துவிடவில்லையே? முதலில் மீட்டரைக் கையில் எடுங்கள். டைனமோ வாங்குவது அப்புறம்.

இன்ஜினை 1500 ஆர்பிஎம்மில் வையுங்கள். ஏசி, ஹெட்லைட், ஃபேன் எல்லாவற்றையும் போடுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து நான்கு இடத்தில் பாருங்கள். முதலாவது, டைனமோவின் பி பிளஸ் போல்ட்டுக்கும் (மின்சாரம் வெளியே வருகிற முனை) டைனமோ உடம்புக்கும் நடுவே. இரண்டாவது, பேட்டரி பிளஸ், மைனஸ். மூன்றாவதுதான் முக்கியம்: ஒரு முனை பி பிளஸ் போல்ட்டில், மறு முனை பேட்டரி பிளஸ் முனையில். இதில் வருகிற வோல்ட் முழுக்க வழியிலேயே வீணாவது. நான்காவது, டைனமோ உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே. அது எர்த்தில் வீணாவது.

பிளஸ் பக்கம் 0.5-க்கு மேல், எர்த் பக்கம் 0.2-க்கு மேல் வந்தால் கோளாறு வழியில் இருக்கிறது. கிளாம்ப் மீட்டர் யாரிடமாவது இருந்தால் எது எது எத்தனை ஆம்ப் இழுக்கிறது என்றும் குறித்து வாருங்கள்.


மீஞ்சூர் கண்டெய்னர் (ஞாயிறு, காலை 8:02)

நான் 120 ஆம்ப் போட்டு ஒரு வருஷம் ஆகிறது நண்பரே. பழைய வயர்தான். ஒரு குறையும் இல்லை. இவ்வளவு அளந்து பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, தைரியமாகப் போடுங்கள்.


கொருக்குப்பேட்டை எலக்ட்ரிக் (ஞாயிறு, காலை 8:30)

மீஞ்சூர் அண்ணே, உங்கள் ஓட்டம் எது? பெங்களூர், ஓசூர் என்று நெடுஞ்சாலையில் போகிற வண்டியா? அப்படியானால் டைனமோ எப்போதும் வேகமாகச் சுற்றும், பேட்டரி நிறைந்தே இருக்கும், நிறைந்த பேட்டரி அதிகம் இழுக்காது. உங்கள் பழைய வயர் வழியாக 120 ஆம்ப் ஒரு நாளும் போயிருக்காது. இந்தத் தம்பியின் வண்டி அப்படி இல்லை. காலியான பேட்டரியோடு வரிசையை விட்டுக் கிளம்பி வேகம் எடுத்ததும், 120 ஆம்ப் டைனமோ தன் முழு பலத்தையும் அந்தப் பத்து சதுர மில்லிமீட்டர் கேபிளில் தள்ளும். கேபிள் சூடாகி, ஸ்லீவ் இளகி, சேஸிஸ் ஓரத்தில் உரசினால் தீதான். டைனமோவில் இருந்து போகும் அந்த கேபிளுக்குப் பல பழைய வண்டிகளில் ஃபியூஸே கிடையாது.


மீஞ்சூர் கண்டெய்னர் (ஞாயிறு, காலை 9:11)

ஆமாம், கிருஷ்ணகிரி வழியாக பெங்களூர் ஓட்டம்தான். நீங்கள் சொன்ன பிறகு போய் கேபிளைத் தொட்டுப் பார்த்தேன். டைனமோ பக்கத்து லக் (கேபிள் நுனியில் அழுத்திய உலோக வளையம்) மட்டும் கறுத்திருக்கிறது. இந்த விவாத இழையை விடாமல் படிக்கிறேன்.


மணலி டிரெய்லர் (ஞாயிறு, மாலை 5:20)

சாத்தாங்காடு பக்கம் வண்டியை நிறுத்தி எல்லாம் எடுத்துவிட்டேன். மாமா ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டார், நான் கீழே படுத்து அளந்தேன்.

டைனமோவிலேயே 28.2 வோல்ட். பேட்டரி முனையில் 26.9. பி பிளஸ்ஸில் இருந்து பேட்டரி பிளஸ் வரை 0.7. எர்த் பக்கம் 0.6. அப்போது கேபிளில் 40 ஆம்ப் போய்க்கொண்டிருந்தது.

ஆம்ப் கணக்கு: ஏசி 34. ஹெட்லைட் 6. டிரெய்லர் பக்க விளக்கு, டெயில் எல்லாம் 5. ஃபேன், ஜிபிஎஸ், போன் சார்ஜர், மற்றவை 4. எல்லாம் ஒரே நேரத்தில் முழுசாக இழுத்தால் மொத்தம் 49.


கொருக்குப்பேட்டை எலக்ட்ரிக் (ஞாயிறு, இரவு 9:45)

நல்ல வேலை செய்தீர்கள் தம்பி. இந்த எண்களிலேயே உங்கள் வண்டியின் கதை முழுக்க இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

28.2-ல் டைனமோ சரியாக இருக்கிறது, ரெகுலேட்டரும் சரி. ஆனால் பேட்டரிக்குக் கிடைப்பது 26.9. 24 வோல்ட் வண்டிக்கு பேட்டரி முனையில் 27.8-க்கு மேல் வந்தால்தான் நன்றாக நிறையும். 26.9-ல் அது முழுசாக நிறையவே நிறையாது. எட்டு மாதமாக உங்கள் புது பேட்டரி அரை வயிற்றோடு இருக்கிறது.

அடுத்து, கேபிள் கணக்கு. காப்பர் கம்பி ஒரு மீட்டர் நீளம், ஒரு சதுர மில்லிமீட்டர் கனம் இருந்தால் 0.0175 ஓம். உங்களுடையது 10 சதுர மி.மீ., நீளம் நாலு மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 0.007 ஓம். 40 ஆம்ப்பில் 0.28 வோல்ட்தான் விட வேண்டும். உங்களுக்கு 0.7 விடுகிறது. மீதி 0.4 வோல்ட் கேபிளில் இல்லை, ஏதோ ஒரு லக்கிலோ நட்டிலோ உட்கார்ந்திருக்கிறது. 0.4 வோல்ட், 40 ஆம்ப் என்றால் 16 வாட். சின்ன சால்டரிங் அயர்னுக்குக் கிட்டத்தட்ட வருகிற சூடு அந்த ஒரு மூட்டில் இரவு பகலாக இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

எர்த் பக்கம் 0.6 என்பது இன்னும் மோசம். இன்ஜினில் இருந்து சேஸிஸுக்குப் போகிற ஜடை எர்த்தை (பின்னிய காப்பர் கம்பிப் பட்டை) கழற்றிப் பாருங்கள். நம் ஏரியா உப்புக் காற்று. எண்ணூர் ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு அந்த ஜடைதான் முதலில் போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மணலி புதுநகர் வரைக்கும் வெள்ளம் ஏறியது, எண்ணூர் கழிமுகம் முழுக்க எண்ணெய்ப் படலம் மிதந்தது. அந்த வெள்ளத்தில் நின்ற வண்டிகளுக்கு டைனமோ பிரித்து பிரித்து எனக்கு இரண்டு வாரம் போனது. அதில் பாதிக்கு மேல் இன்றைக்கும் எர்த் கோளாறோடு திரும்பி வருகின்றன. உங்கள் வண்டி அப்போது எங்கே நின்றது?

கடைசியாக ஐடில். தகட்டில் 45 ஆம்ப் என்று எழுதியிருப்பது டைனமோ நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றும்போது தருவது. ஐடிலில் உங்கள் டைனமோ 1600 சுற்று சுற்றினால் பெரிது, அப்போது 20 ஆம்ப் தரும். செலவோ 49. மணிக்கு 29 ஏஎச் பேட்டரியில் இருந்து போகிறது. ஏற்கெனவே அரைகுறையாக நிறைந்த 130 ஏஎச் பேட்டரி இரண்டரை மணி நேரத்தில் மண்டியிடுவதில் ஆச்சரியம் என்ன? அதனால் கடையில் போய் எத்தனை ஆம்ப் என்று கேட்காதீர்கள். 1800 சுற்றில் எத்தனை ஆம்ப் தரும் என்று கேளுங்கள். கம்பெனி வரைபடத் தாளில் அது இருக்கும். வரிசையில் நிற்கிற வண்டிக்கு அந்த எண்தான் சோறு போடும்.


மணலி டிரெய்லர் (திங்கள், இரவு 11:05)

அண்ணே, மிக்ஜாம் சமயத்தில் வண்டி மணலி எக்ஸ்பிரஸ் ரோட்டில் இரண்டு நாள் அச்சு வரை தண்ணீரில் நின்றது.

இன்று யார்டில் லோடு இறங்கும் வரை நேரம் கிடைத்தது. ஜடை எர்த்தைக் கழற்றினேன். வெளியே பார்க்க முழுசாகத்தான் இருந்தது. போல்ட்டை விட்டு எடுத்ததும் கையிலேயே பாதி உதிர்ந்துவிட்டது. உள்ளே பச்சைப் பொடி, ஈரம் காயாத களிம்பு மாதிரி. எண்ணிப் பார்த்ததில் ஐந்தில் ஒரு பங்கு இழைதான் அறுபடாமல் இருந்தது. சேஸிஸில் அது உட்காரும் இடத்தில் பெயிண்டுக்கு மேலேயே போல்ட்டை இறுக்கியிருக்கிறார்கள். இத்தனை வருஷமாக அந்த போல்ட்டின் மரை வழியாக மட்டும்தான் எர்த் போயிருக்கிறது.

பிளஸ் பக்கம் நீங்கள் சொன்ன அந்த 0.4 வோல்ட்டையும் கண்டுபிடித்தேன். செல்ஃப் மோட்டார் போல்ட்டில் டைனமோ கேபிளின் லக். மேலே ரப்பர் மூடி இருந்ததால் இத்தனை நாள் யாரும் பார்க்கவில்லை. மூடியை விலக்கினால் லக்கின் கழுத்து நீலமும் ஊதாவுமாக நிறம் மாறியிருக்கிறது. ஸ்லீவை பிளேடால் கிழித்தேன். கம்பி கறுத்து, விரலில் தேய்த்தால் கரியாக வருகிறது. யாரோ எப்போதோ சுத்தியலால் தட்டி லக்கை அடைத்திருக்கிறார்கள். இழுத்தேன், அப்படியே கழன்று வந்துவிட்டது.

இதைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அதற்கு ஒரு முழம் தள்ளி டீசல் பைப் போகிறது. மாமா அந்த இன்ஜினுக்கு மேலே இருக்கிற கேபினில்தான் தூங்குவார்.


புதுவண்ணை லேத் (செவ்வாய், காலை 7:30)

எலக்ட்ரிக் அண்ணன் மின்சாரத்தைப் பார்த்துக்கொள்வார். நான் லேத் பட்டறைக்காரன், பெல்ட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

28 வோல்ட்டில் 120 ஆம்ப் என்றால் 3360 வாட். டைனமோ அறுபது சதவீதம் போலத்தான் மின்சாரமாக மாற்றும், மீதி சூடு. அப்படியானால் பெல்ட் இழுக்க வேண்டியது 5600 வாட், ஏழரை குதிரை சக்தி. 80 ஆம்ப் என்றால் 2240 வாட், பெல்ட்டுக்கு ஐந்து குதிரை. உங்கள் வண்டியில் டைனமோவுக்குத் தனி பெல்ட்டா, வாட்டர் பம்ப்போடு சேர்ந்ததா? எத்தனை காடி?


மணலி டிரெய்லர் (செவ்வாய், காலை 9:50)

ஒரே பெல்ட்தான் அண்ணா. வாட்டர் பம்ப்பும் டைனமோவும் அதிலேயே.


புதுவண்ணை லேத் (செவ்வாய், காலை 10:15)

அப்படியானால் 120-ஐ மறந்துவிடுங்கள். ஒற்றை வி பெல்ட்டில் ஏழரை குதிரையை ஏற்றினால் முதலில் கத்தும், அப்புறம் வழுக்கும், கண்ணாடி மாதிரி பளபளப்பாகி அறுந்துவிடும். அறுந்தால் சார்ஜ் மட்டும் போகாது, வாட்டர் பம்ப்பும் நின்று இன்ஜின் சூடாகி ஹெட் கேஸ்கெட் போய்விடும். 80 ஆம்ப் போதும். பல் வெட்டிய பெல்ட்டாகப் போடுங்கள், சின்ன புல்லியில் வளைந்து கொடுக்கும்.

டைனமோ புல்லி எத்தனை மி.மீ. என்று அளந்து சொல்லுங்கள். அதைச் சுற்றுகிற இன்ஜினின் கிராங்க் புல்லி அளவும் வேண்டும்.

இன்னொன்று, பிராக்கெட். பெரிய டைனமோ எடை கூட. பழைய பிராக்கெட்டில் வாஷர் வைத்து ஒப்பேற்றினால் ஆறு மாதத்தில் காது விரிசல் விடும். இரண்டு புல்லியும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பெல்ட்டின் ஒரு பக்கம் தேயும்.


மீஞ்சூர் கண்டெய்னர் (செவ்வாய், மதியம் 1:20)

என் வண்டியில் டைனமோவுக்குத் தனியாக இரண்டு பெல்ட். அதனால்தான் 120 ஓடுகிறது போல. முதலில் நான் தைரியமாகப் போடுங்கள் என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். என் கேபிளையும் இந்த வாரம் மாற்றப் போகிறேன்.


மாதவரம் 407 (செவ்வாய், மாலை 6:00)

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது பழைய டாடா 407, 12 வோல்ட். நானும் பெரிய டைனமோ போடலாம் என்று இருந்தேன். இதே கணக்குதானா?


கொருக்குப்பேட்டை எலக்ட்ரிக் (செவ்வாய், இரவு 8:40)

நில்லுங்கள் சார். உங்கள் டைனமோவின் பின்பக்கம் ஒரு வேக்குவம் பம்ப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் பைப் ஒன்று போகும், தடித்த ரப்பர் ஓஸ் ஒன்று பிரேக் பூஸ்டருக்குப் போகும். இருந்தால் அது வெறும் டைனமோ இல்லை, உங்கள் பிரேக்கின் உயிர். பம்ப் இல்லாத டைனமோவை மாட்டிவிட்டு மாதவரம் ரவுண்டானாவில் பிரேக் மிதித்தால் கல் மாதிரி இருக்கும். பம்ப்போடு இருக்கிற மாடலிலேயே அதிக ஆம்ப் கிடைத்தால் மட்டும் மாற்றுங்கள். கணக்கு எல்லாம் ஒன்றுதான், ஆனால் 12 வோல்ட்டில் அதே வாட்டுக்கு இரண்டு மடங்கு ஆம்ப், அதனால் கேபிள் இன்னும் தடிமனாக வேண்டும்.


தண்டையார்பேட்டை டேங்கர் (புதன், காலை 5:50)

பெட்ரோல் டேங்கர் ஓட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டுக் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நம் வண்டிக்கு பெட்ரோலியம் விதிகள் 2002 இருக்கிறது. வயர் எப்படிப் போக வேண்டும், ஃபியூஸ், கட்-ஆஃப் சுவிட்ச் எல்லாம் அதில் வருகிறது. பெசோ (மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) ஒப்புதல் கொடுத்த வண்டியின் வயரிங்கை நாமே மாற்றக் கூடாது. கூடுதலாக ஒரு ஹாரன் வயர் இழுப்பதானாலும் வண்டி கட்டியவர்களிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.


மணலி டிரெய்லர் (புதன், இரவு 10:10)

லேத் அண்ணா, அளந்துவிட்டேன். கிராங்க் புல்லி 190, டைனமோ புல்லி 76.


புதுவண்ணை லேத் (வியாழன், காலை 7:10)

190-ஐ 76-ஆல் வகுத்தால் இரண்டரை. ஐடில் 650 என்றால் டைனமோ 1625. எலக்ட்ரிக் அண்ணன் சொன்ன கணக்கு சரிதான். 68 மி.மீ. புல்லி கடைந்து தருகிறேன். அப்போது 2.8 மடங்கு, ஐடிலில் 1800-க்கு மேல். இன்ஜின் 2400 போனாலும் டைனமோ 6700 தான், தாங்கும். இதை விடச் சின்னதாகக் கேட்காதீர்கள், பெல்ட் பிடிக்க இடம் போதாது.

ஆர்பிஎம் மீட்டர் டைனமோவின் டபிள்யூ முனையில் இருந்து வருகிற வண்டி என்றால் இனிமேல் கொஞ்சம் அதிகமாகக் காட்டும். மாமாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இன்ஜின் பறக்கிறது என்று பயந்துவிடுவார்.


கொருக்குப்பேட்டை எலக்ட்ரிக் (வியாழன், காலை 8:25)

புல்லி நல்ல யோசனை. 80 ஆம்ப் டைனமோ 1800 சுற்றில் 40 போலத் தரும். உங்கள் செலவு 49. வரிசையில் நிற்கும்போது கை த்ராட்டில் போட்டு இன்ஜினை 850-ல் வைத்தால் டைனமோ 2400 போகும், 50-ஐத் தொட்டுவிடும். டிரெய்லர் விளக்குகளை எல்இடி ஆக்கினால் அந்த 5 ஆம்ப் ஒன்றாகும். நிற்கும்போது ஹெட்லைட்டை அணைத்து பார்க்கிங் லைட் மட்டும் எரியவிடச் சொல்லுங்கள்.

கேபிள் 35 சதுர மி.மீ. எடுங்கள். பாரிமுனைக் கடைகளில் வாங்கும்போது ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக வந்தால் அது காப்பர் பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதே அளவு எர்த் கேபிளும் டைனமோ பிராக்கெட்டில் இருந்து நேராக பேட்டரி மைனஸுக்கு. லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரால் அழுத்துங்கள், சுத்தியல் வேண்டாம், ஈயம் ஊற்றவும் வேண்டாம். சூடானால் ஈயம் இளகும், அதிர்ந்தால் அது ஏறிய இடத்திலேயே கம்பி முறியும். 125 ஆம்ப் ஃபியூஸ் பேட்டரி முனையில் இருந்து ஒரு சாணுக்குள். டைனமோ பக்கம் இல்லை. வழியில் கேபிள் உரசினால் தீப்பிடிக்க வைப்பது பேட்டரிதான்.

பழைய கேபிளையும் கூடவே விட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். விடாதீர்கள். அதற்கு ஃபியூஸ் இல்லை.


மணலி டிரெய்லர் (அடுத்த திங்கள், இரவு 9:30)

நேற்று முழுக்க வேலை. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து இரவு எட்டு ஆனது. 80 ஆம்ப் டைனமோ புதுசாக எடுத்தேன், ரீவைண்டிங் செய்தது வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். கேபிள், லக், ஃபியூஸ், ஸ்லீவ் எல்லாம் சேர்ந்தே டைனமோ விலையில் நாலில் ஒரு பங்குகூட வரவில்லை. இதை மிச்சம் பிடிக்கத்தான் எல்லோரும் பழைய வயரே போதும் என்கிறார்களா?

முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றினேன். சேஸிஸில் எர்த் உட்காரும் இடத்தை வெள்ளை இரும்பு தெரியும் வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, லக்கை இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசினேன். ஜடை எர்த்தும் புதுசு. கேபிளை டீசல் பைப் போகாத பக்கமாக, சேஸிஸின் உள் ஓரமாகக் கொண்டுபோய் ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு கிளிப் போட்டேன். சேஸிஸ் ஓட்டை வழியாக நுழைகிற இடத்தில் ரப்பர் வளையம். லேத் அண்ணா கடைந்து கொடுத்த புல்லி கச்சிதம். பிராக்கெட்டுக்கும் ஒரு தாங்கு பட்டை வைத்து வெல்டு செய்து கொடுத்தார். வெல்டு வைக்கிறபோது டைனமோ வண்டியில் இல்லை, பேட்டரி முனை இரண்டும் கழற்றியிருந்தது.

எல்லாம் முடித்து ஸ்டார்ட் செய்தால் சார்ஜ் இல்லை. 25 வோல்ட்டிலேயே நிற்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமா எரிச்சலில் ஆக்சிலேட்டரை ஒரு முறை ஓங்கி மிதித்தார், உடனே 28.1 வந்துவிட்டது. அணைத்து மறுபடி எடுத்தால் மறுபடி சார்ஜ் இல்லை, மிதித்தால் வருகிறது. புது டைனமோவே கோளாறா?


கொருக்குப்பேட்டை எலக்ட்ரிக் (அடுத்த திங்கள், இரவு 9:42)

டைனமோவைக் கழற்றாதீர்கள். மீட்டர் பலகையில் சார்ஜ் லைட்டை எல்இடி ஆக்கியிருக்கிறீர்களா?


மணலி டிரெய்லர் (அடுத்த திங்கள், இரவு 9:50)

ஆமாம் அண்ணே. போன தீபாவளி சமயத்தில் மீட்டர் பலகை பல்ப் எல்லாவற்றையும் எல்இடி மாற்றினோம். பழைய டைனமோ அதோடு ஓடியதே?


கொருக்குப்பேட்டை எலக்ட்ரிக் (அடுத்த திங்கள், இரவு 10:05)

அதுதான். டைனமோவுக்குள் நிலையான காந்தம் இல்லை. சாவி போட்டதும் அந்த சார்ஜ் லைட் வழியாக டி பிளஸ் முனைக்குப் போகிற சின்ன மின்சாரம்தான் உள்ளே சுழலும் ரோட்டாரைக் காந்தமாக்கி எழுப்புகிறது. 3 வாட் பல்ப் என்றால் எட்டில் ஒரு ஆம்ப் போகும், போதும். எல்இடியில் போவது எழுப்பப் போதாது. பழைய டைனமோவில் வருஷக்கணக்கில் ஓடி மிச்சம் தங்கிய காந்தம் இருந்தது, தானாக எழுந்துகொண்டது. புதுசில் அது குறைவு.

24 வோல்ட் 3 வாட் பல்ப்பைத் திரும்பப் போடுங்கள். எல்இடியே வேண்டும் என்றால் அதற்குப் பக்கவாட்டில் 220 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று.


மணலி டிரெய்லர் (செவ்வாய், காலை 6:40)

பல்ப்பை மாற்றினேன். சாவி போட்டதும் சிவப்பு எரிகிறது, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறது, மிதிக்காமலேயே சார்ஜ். 60 ஆம்ப் போகும்போது டைனமோவில் 28.1, பேட்டரியில் 27.85. முன்னே 1.3 வோல்ட் வீணானது, இப்போது கால் வோல்ட். கையெடுத்துக் கும்பிடுகிறேன் அண்ணே.

ஆனால் ஒரு பேட்டரியில் மட்டும் தண்ணீர் கொதிக்கிற மாதிரி சத்தம், மூடியைச் சுற்றி ஈரம். இன்னொன்று அமைதியாக இருக்கிறது. கொதிப்பது 14.9 வோல்ட், மற்றது 13.0.


மீஞ்சூர் கண்டெய்னர் (செவ்வாய், காலை 7:15)

இதற்கு நான் பதில் சொல்லலாம், இரண்டு செட் பேட்டரி இப்படித்தான் இழந்தேன். பாட்டு செட்டுக்கோ போன் சார்ஜருக்கோ 12 வோல்ட் எங்கிருந்து எடுத்திருக்கிறீர்கள்? ஒரு பேட்டரியில் இருந்து மட்டும் எடுத்திருந்தால் அது எப்போதும் பசியோடு இருக்கும். மற்றது ஏற்கெனவே நிறைந்திருக்கும். டைனமோ இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கும், அதனால் நிறைந்ததற்கு மேலும் மேலும் ஊட்டும், அது கொதிக்கும். அந்த வயரை இன்றைக்கே பிடுங்குங்கள். 24-ல் இருந்து 12 ஆக்கும் கன்வர்ட்டர் ஒன்று போடுங்கள். இரண்டு பேட்டரியையும் பிரித்து, தனித்தனியாக 12 வோல்ட் சார்ஜரில் முழுசாக நிறைத்துவிட்டுச் சேருங்கள்.


மணலி டிரெய்லர் (செவ்வாய், இரவு 11:30)

மாமாவின் எஃப்எம் செட் அண்ணா. அப்படியேதான் இருந்தது, கிளீனர் பையன் எடுத்துக் கொடுத்த வயர். பிடுங்கிவிட்டேன். கன்வர்ட்டர் நாளைக்கு வரும். ஒரு நாள் பாட்டு இல்லாமல் ஓட்ட வேண்டும் என்பதில்தான் மாமாவுக்கு வருத்தம்.


மணலி டிரெய்லர் (மூன்று மாதம் கழித்து, ஞாயிறு, காலை 7:00)

இழையை மேலே கொண்டுவருகிறேன், முடிவைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை.

இரண்டு பேட்டரியும் காலையில் 12.65, 12.6 என்று சமமாக நிற்கின்றன. போன வாரம் காட்டுப்பள்ளி வரிசையில் ஏழு மணி நேரம். ஏசி நிற்கவில்லை. கை த்ராட்டிலில் 850, பேட்டரி முனையில் 26.4, கடைசி வரை இறங்கவில்லை. செல்ஃப் ஒரே அடியில் எடுத்தது. டீசல் கொஞ்சம் கூடுதலாகத்தான் போகிறது, அதை நான் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். பெல்ட்டை ஒரு முறை இறுக்கினோம், விரலால் அழுத்தினால் பத்து பன்னிரண்டு மி.மீ. போகிறது. லக் எல்லாவற்றையும் மாதம் ஒரு முறை தொட்டுப் பார்க்கிறேன், எதுவும் சூடில்லை.

அந்த ஏழு மணி நேரத்தில் மாமா நான்கு மணி நேரம் தூங்கியிருக்கிறார். எனக்கு அது போதும்.

ஒரு சந்தேகம். யார்டில் இன்ஜினை அணைத்த பிறகும் ஏசி ஓட வேண்டும் என்றால், தனியாக ஒரு லித்தியம் பேட்டரி வாங்கி இந்த டைனமோவிலேயே இணைக்கலாமா?


கொருக்குப்பேட்டை எலக்ட்ரிக் (ஞாயிறு, காலை 7:25)

நேராக இணைக்காதீர்கள் தம்பி. லித்தியம் கொடுக்கக் கொடுக்க வாங்கிக்கொண்டே இருக்கும். ஐடிலில் விசிறி மெதுவாகச் சுற்றும்போது டைனமோ முழு பலத்தில் உழைத்தால் ஸ்டேட்டர் (டைனமோவுக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) கருகிவிடும். நடுவே டிசி-டிசி சார்ஜர் ஒன்று வைத்து 25 ஆம்ப்புக்குக் கட்டுப்படுத்த வேண்டும். அதுவும் வண்டி ஓடும்போது மட்டும், வரிசையில் வேண்டாம். செல்ஃப் எடுக்கிற பேட்டரியோடு அது சேரவே கூடாது. அடுத்த ஞாயிறு வண்டியைக் கொருக்குப்பேட்டைக்குக் கொண்டுவாருங்கள். கேபின் சீட்டுக்கு அடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று டேப் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பேட்டரி விலை கேட்கலாம்.